ஆடியில் மூடிய எல்லையும் சாந்தோம் அடிபம்புகளும்

"…எனக்கு ஆடியும் கிடையாது, ஆவணியும் கிடையாது சார். என் தம்பிக்குத் தண்ணி வேணும். அதுக்கு நீங்க ஒரு கையெழுத்துப் போடணும். இதுல நாள் நட்சத்திரம் எங்கேருந்து வந்துச்சு?"

கேட்டவர் ஸ்டெல்லா டீச்சர். சாந்தோமில் பிறந்து, சாந்தோமிலேயே பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். எதிரே உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தவர் என் முதலாளி. இடம், லஸ் முனையில் ஒரு மாடியில் இருந்த எங்கள் அலுவலகம். பிறர் சரக்கைக் கப்பலேற்றி, போக வேண்டிய ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எங்கள் தொழில். இருவருக்கும் நடுவில் கையைப் பிசைந்துகொண்டு நின்றவன் நான்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளே, உங்கள் மேசையில் இருக்கும் திரையில் கப்பல் எறும்பு மாதிரி ஊர்ந்து போவதை நானும் பார்த்திருக்கிறேன். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது கப்பலைக் காட்டும், அந்தக் கப்பல் போகிற நாட்டுக்கு என்ன ஆயிற்று என்று காட்டாது. நான் பத்தாவதோடு நின்றவன். பூகோளம் படித்ததெல்லாம் பெட்டிகள் மேல் எழுதியிருந்த விலாசங்களைப் பார்த்துத்தான். அப்படிப் படித்ததில் ஒன்று புரிந்தது. வரைபடத்தில் கோட்டை மாற்ற ஒரு பென்சில் போதும். அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலைகிற சனங்களுக்கும் லாரிக்கும் படகுக்கும்தான் உயிர் போகும். எங்கள் அலுவலகத்தின் துறைமுக வேலைகளைப் பார்த்த தேசிங்கு இதை என்னைவிட நன்றாகச் சொல்வான்: "கோடு கிழிச்சவன் ஏசி ரூம்ல குந்திக்கினு கீறான். லாரி ஓட்றவன் வெயில்ல வேகறான்."

சூடான் இரண்டாகப் பிரிந்த வருடத்துச் சமாச்சாரம் இது.

ஸ்டெல்லா டீச்சருக்கு ஒரே தம்பி, ஜெரோம். தாய் சீக்கிரம் போய்விட்டதால் டீச்சர்தான் அவரை வளர்த்தார். அவர் கிறிஸ்தவத் துறவற சபை ஒன்றில் சேர்ந்து, அந்த நாட்டின் தெற்கே, நைல் ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊரில் பள்ளிக்கூடம் நடத்திக்கொண்டிருந்தார். வடக்கே போய்ப் பல வருடம் பிழைத்த தென்பகுதிச் சனங்கள், நாடு பிரியப்போகிறது என்றதும் படகு படகாகத் திரும்பி வந்து அவர் பள்ளிக்கூடத்து வாசலில் இறங்கினார்கள். ஊரில் இருந்தது ஒரே ஒரு பழைய கைப்பம்பு. அதுவும் பழுது. எல்லாரும் ஆற்றைத்தான் குடித்தார்கள். ஜெரோமும் குடித்தார், மஞ்சள் காமாலையில் படுத்து எழுந்தார், எழுந்து மறுபடியும் அதே தண்ணீரைக் குடித்தார்.

டீச்சர் இதை ஞாயிறு பூசை முடிந்ததும் கோயிலில் சொன்னார். அந்தக் கோயில் பங்கைச் சேர்ந்தவர்களில் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு ஓடாத பெண் ஒருத்தி உண்டா? விடியற்காலையில் அடிபம்பு முன்னால் வரிசையில் நின்று சண்டை போட்ட கைகள் அவை. "அடிபம்பு அனுப்பலாம் டீச்சர்" என்றார்களாம் ஒரே குரலில். கோயம்புத்தூரிலிருந்து பம்புகளும் குழாய்களும் வந்தன. ஒரு கண்டெய்னர் நிறைந்தது. அனுப்பும் வேலை எங்களிடம் வந்தது.

இங்கேதான் நம் தொழிலின் பீடை பிடித்த பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு ஊருக்குச் சரக்கு என்றால் நாம் என்ன செய்வோம்? அந்த ஊருக்குப் போன தடவை அனுப்பிய கோப்பை எடுப்போம். போன தடவை எந்த வழியோ, இந்தத் தடவையும் அதே வழி. அந்தப் பக்கத்துச் சரக்கெல்லாம் வடக்கே இருக்கும் போர்ட் சூடான் துறைமுகத்தில் இறங்கி, லாரியில் ஆற்றங்கரை வந்து, படகில் தெற்கே போகும். அப்படியே அனுப்பினோம். நாடு பிரியப்போவது தினமும் பேப்பரில் வந்துகொண்டுதான் இருந்தது. எங்கள் அலுவலகத்தில் அத்தனை பேரும் அந்தப் பேப்பரைப் படித்தோம், படித்துவிட்டு மடித்து வைத்தோம். நாடு பிரிந்தால் ஆறுமா பிரியும் என்ற நினைப்பு. கப்பல் சென்னையில் புறப்பட்டபோது அது ஒரு நாடு. சரக்கு இறங்கியபோது இரண்டு.

மந்தைவெளியில் என் வீட்டுக்குப் பின்னால் அண்ணன் தம்பி இருவர் வீட்டைப் பாகம் பிரித்துக்கொண்டார்கள். மாடி தம்பிக்கு, மாடிப்படி அண்ணனுக்கு. "அப்ப நான் என்ன, பறந்தா போறது?" என்று தம்பி பெண்டாட்டி தெருவில் நின்று கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. அந்த நாட்டுக் கதையும் அதேதான். எண்ணெய்க் கிணறு அதிகம் தெற்கே, அதைக் கடலுக்குக் கொண்டுபோகும் குழாய் வடக்கே. சனம் தெற்கே, துறைமுகம் வடக்கே. பிரிந்த கையோடு வடக்கிலிருந்து சரக்குப் போகும் வழியெல்லாம் அடைபட்டது. எங்கள் கண்டெய்னர் போர்ட் சூடானில் வெயில் காய்ந்தது.

கப்பல் கம்பெனியின் பாரிமுனை அலுவலகத்துக்குத் தினமும் போன் போட்டேன். "அடுத்த வாரம் திறந்துடுவாங்க சார்." அடுத்த வாரமும் அதே அடுத்த வாரம்தான். நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன் என்றால், தேசிங்கு நேரில் போய் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்து மேசையில் ஹெல்மெட்டைப் போட்டான்.

"இன்னா தேசிங்கு?"

"இன்னாத்த சொல்றது நைனா. ஆளுங்க போற படகு போய்க்கினுதான் கீது. கட்டிலு, பீரோ, கதவு, ஜன்னலு, அல்லாத்தையும் பேத்து எடுத்துக்கினு போறாங்களாம். அத்த விடுறான். நம்ம பம்பு மட்டும் சரக்காம். அத்த விட மாட்டானாம்."

"அநியாயமா இருக்கே."

"பேசாம பம்பைக் கட்டில்னு எழுதி ஏத்திரலாமா?"

சிரித்தேன். ஆனால் அன்று சாயந்திரம் வரை அந்த யோசனை என் மண்டையில் சுற்றிக்கொண்டிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எரிச்சல் தலைக்கேறினால் தமாஷ்கூட யோசனை மாதிரி தெரியும். பம்பைக் கட்டில் என்று எழுதினால் ஒரு சாவடி தாண்டும். அடுத்த சாவடியில் பெட்டியைத் திறந்தால், பிறகு அந்த ஊருக்கு நம் பெயரில் ஊசிகூடப் போகாது. மாட்டிக்கொண்டு முழிப்பது நாம் அல்ல, எடுக்க வந்து நிற்கும் ஜெரோம். காகிதத்தில் பொய் எழுதத் தோன்றும்போதெல்லாம் மறுமுனையில் நிற்கிற ஆளின் முகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நான் ஜெரோமின் முகத்தைப் பார்த்ததில்லை. டீச்சர் முகத்தையே வைத்துக்கொண்டேன். அது போதுமானதாக இருந்தது.

வேறு வழி இல்லாமல் இல்லை. கண்டெய்னரை மறுபடி கப்பலேற்றி, கென்யாவில் மொம்பாசாவுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து லாரியில் உகாண்டாவைக் கடந்து, புது நாட்டின் தலைநகரான ஜூபாவை எட்டலாம். ஜூபாவிலிருந்து படகில் ஆற்றோட்டத்தோடு வடக்கே போனால் ஜெரோமின் ஊர். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வழிதான். ஆனால் வழி. மழை வலுப்பதற்குள் கிளம்பிவிட்டால் நல்லது.

அதற்கு ஒரு சிக்கல். சரக்கை எடுக்கக் காட்ட வேண்டிய மூல ரசீதுகளை ஏற்கெனவே ஜெரோமுக்கு அனுப்பியாகிவிட்டது. அவை இல்லாமல் சரக்கைத் திருப்ப வேண்டுமானால், நாளைக்கு ஏதாவது வில்லங்கம் வந்தால் நாங்கள் பொறுப்பு என்று அனுப்பியவரும் நாங்களும் சேர்ந்து கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்றது கப்பல் கம்பெனி. டீச்சர் பேனாவோடு தயார். என் முதலாளிதான் ஆடி பிறந்துவிட்டது என்றார்.

அவரைத் தப்பாக நினைக்க வேண்டாம். நல்ல மனிதர். சம்பளத்தை ஒரு நாள் தாமதித்ததில்லை. யார் வீட்டில் துக்கம் என்றாலும் முதலில் போய் நிற்பவர். ஆனால் ஆடியில் புது வழியில் சரக்கு அனுப்பமாட்டார், புதுக் காகிதத்தில் கையெழுத்திட மாட்டார். பழைய வழியில் எத்தனை வேண்டுமானாலும் போகலாம். அது அவர் அப்பா காலத்து ஏற்பாடு. எங்களுக்கும் பழகிவிட்டது. ஆடியில் தபால் வேலைகளை முடிப்போம், அலமாரி துடைப்போம்.

"ஆடில போய் யாராவது புது வழில சரக்கை அனுப்புவாளா டீச்சர்?" என்றார் அன்று. "ஆவணி பொறக்கட்டும். நானே உங்காத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டுத் தரேன். அதுக்குள்ள எல்லையே தொறந்துட்டா என்ன பண்ணுவேள்? பெட்டி நடுக்கடல்ல போயிண்டிருக்கும்."

"தொறக்கலைன்னா?"

"தொறப்பான். எத்தனை நாளைக்கு மூடி வெச்சுண்டிருப்பான்?"

"இதையேதான் சார் நீங்க போன வாரமும் சொன்னீங்க."

"இத்தனை நாள் பொறுத்தாச்சு. இன்னும் கொஞ்ச நாள்தானே?"

இந்த வார்த்தையைக் குறித்துக்கொள்ளுங்கள், தம்பிகளே. நம் தொழிலில் இதைவிட மோசமான வார்த்தை இல்லை. பஸ் நிறுத்தத்தில் அரை மணி நின்றவன் ஆட்டோ ஏறமாட்டான். இவ்வளவு நேரம் நின்றோமே, ஏறின மறுநிமிடம் பஸ் வந்துவிட்டால் என்ற பயம். நின்ற நேரம் போய்த்தான் போயிற்று. அது இனி நிற்பதற்குக் காரணம் ஆகாது. அடையாறு டிப்போவில் ஒரு பூக்காரம்மா இப்படி நின்ற ஒருவரைப் பார்த்துச் சொன்னாள்: "கால் வலிக்கிதுன்னு அதே கால்லயே நிக்கிறியே சாமி." எனக்குத் தெரிந்து இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

டீச்சர் விடவில்லை. "ஆடியில தி.நகர்ல யாரும் கடையை மூடி வெச்சிருக்காங்களா சார்? நேத்து ரங்கநாதன் தெருவுல கால் வைக்க இடமில்ல. மாம்பலம் ஸ்டேஷன் படிக்கட்டுலேருந்து என்னைத் தூக்கிட்டே வந்து விட்டாங்க. உங்க சனம்தான் அத்தனை பேரும். தள்ளுபடிக்கு ஆடி ஆகும், தண்ணிக்கு ஆகாதா?"

முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் பேனா வெளியே வரவில்லை. மூக்குக் கண்ணாடியைத்தான் மறுபடி துடைத்தார். அப்போது எனக்கு உறைத்தது. அவருக்கு ஆடி பிரச்சினை இல்லை. மொம்பாசாவில் எங்களுக்கு ஒரு ஆள் தெரியாது. அந்த லாரிப் பாதையில் நாங்கள் ஒரு அட்டைப் பெட்டிகூட அனுப்பியதில்லை. பயம். வயதான மனிதர், புது நாடு, புது எல்லை. பயப்படுகிறேன் என்று ஒரு வாடிக்கையாளரிடம் சொல்ல முடியுமா? ஆடி என்று சொல்லலாம். அலுவலகத்தில் பெரியவர்கள் சம்பிரதாயம் பேசும்போது, சம்பிரதாயத்தோடு மல்லுக்கு நிற்காதீர்கள். அதற்கு அடியில் என்ன பயம் படுத்திருக்கிறது என்று பாருங்கள். பயத்துக்குப் பதில் சொன்னால் சம்பிரதாயம் தானே வழிவிடும்.

"உகாண்டாப் பாதைக்கு ஆள் விசாரிச்சு வெச்சிருக்கேன் சார்" என்றேன். "கே.கே. நகர்ல இருக்காரு. உகாண்டாவுல லாரி விட்டுச் சம்பாதிச்சுத் திரும்பினவரு. இன்னும் அவரு மச்சான் அங்கேதான் ஓட்டறாரு. போன்ல பேசினேன்."

"எப்ப பேசினே?"

"ஆடி பொறக்கிறதுக்கு முந்தி."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் கொஞ்சம், நிம்மதி நிறைய. "சரி, விவரத்தைச் சொல்லு" என்று அவர் வாயெடுத்தபோது மேசை மேல் இருந்த போன் அடித்தது.

ஜெரோம். அவர் ஊரில் சாதாரண போன் எடுக்காது. ஏதோ ஒரு தொண்டு நிறுவனத்து ஆள் வரும்போது அவர்களிடம் இருக்கும் செயற்கைக்கோள் போனைக் கெஞ்சி வாங்கிப் பேசுவார். அக்கா எங்கள் அலுவலகத்தில்தான் பழியாகக் கிடக்கிறார் என்று அவருக்குத் தெரியும். நான் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பொத்தானை அழுத்தினேன்.

"அக்கா, பம்பு எங்க இருக்கு?"

"அங்கேயேதான்டா. வேற வழியில திருப்பிவிடச் சொல்லித்தான் சண்டை போட்டுட்டிருக்கேன். உடம்பு எப்படி இருக்கு?"

"அதை விடுக்கா. நான் சொல்றதைக் கேளு. இங்க சனம் நிக்கல."

"நிக்கலைன்னா?"

"படகு வருது, இறங்கறாங்க. ஸ்கூல்ல ரெண்டு மூணு நாள் படுக்கறாங்க. அடுத்த படகுல தெற்கே ஜூபாவுக்குப் போயிடறாங்க. வேலை அங்கதான், கவர்ன்மென்ட் அங்கதான். எல்லை பக்கத்துலயே வந்துடுச்சு, எப்ப சண்டை வருமோன்னு பயம் வேற. இந்த ஊர்க்காரங்களே கிளம்பிட்டாங்க. போன வருஷம் என்கிட்ட படிச்ச பிள்ளைங்க முக்காவாசி இப்ப ஜூபா பக்கத்துல கூடாரத்துல கிடக்குதுங்க. அங்கயும் ஆத்துத் தண்ணிதான்."

டீச்சர் போனுக்கு இன்னும் கிட்டே குனிந்தார்.

"அப்ப நீ?" என்றார்.

"நான் எப்படிக்கா வர்றது? ஸ்கூலை விட்டுட்டு?"

"அங்க யாருக்குடா பாடம் நடத்தற?"

பதில் வந்திருக்கும். வருவதற்குள் போன் அறுந்துவிட்டது. திரும்பப் போட்டுப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

எல்லையைத் திறப்பான், இன்னும் கொஞ்ச நாள்தானே என்று நாங்கள் பேசிய பேச்செல்லாம் அந்த அறையில் அப்படியே அசிங்கமாகக் கிடந்தது. அன்றைக்கே எல்லையைத் திறந்திருந்தாலும் அந்தப் பம்புகள் காலியாகிக்கொண்டிருக்கும் ஊருக்குத்தான் போயிருக்கும். நாங்கள் பாதையைப் பற்றியே அடித்துக்கொண்டோம். கோடு மாறினால் பாதை மாறும் என்றாவது எங்களுக்குத் தெரிந்திருந்தது. சனமும் மாறும், விலாசமே நடந்து போய்விடும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அதற்கப்புறம் எந்த நாட்டு எல்லை மாறினாலும் நான் முதலில் கேட்ட கேள்வி, எந்தத் துறைமுகம் திறந்திருக்கிறது என்பது அல்ல. சனம் எந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது என்பதுதான். நீங்களும் அதையே கேளுங்கள்.

முதலாளி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். குரல் இறங்கியிருந்தது. "டீச்சர், நீங்க சொல்லுங்கோ. எங்க அனுப்பணும்? ஜூபாலயே இறக்கிடலாம். அங்கேர்ந்து மறுபடி படகு வெச்சு உங்க தம்பி ஊருக்குக் கொண்டுபோகவும் செய்யலாம். ரெண்டுல எதுன்னாலும் நான் பண்ணித் தரேன்."

தம்பிக்குத் தண்ணீர் வேண்டும் என்று கேட்டு வந்தவர் அவர். காமாலை வந்த உடம்பு. இப்போது தண்ணீர் வேறு பக்கம் போகட்டும் என்று அவர் வாயாலேயே சொல்ல வேண்டும். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஜன்னல் வழியே கீழே பார்த்தேன். லஸ் முனையில் ஒரு பஸ்ஸும் ஒரு ஆட்டோவும் ஒன்றுக்கொன்று வழிவிடாமல் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் எனக்கு எல்லார் மேலும் கோபம் வந்தது, கோடு கிழித்தவர்கள், கோட்டை மூடியவர்கள், அடுத்த வாரம் என்றவர்கள், எல்லார் மேலும்.

"அந்தக் காகிதத்தைக் குடுங்க" என்றார் டீச்சர்.

கொடுத்தேன். சேர வேண்டிய இடம் என்ற வரியில் 'ஜூபா' என்று எழுதினார். கரும்பலகையில் எழுதுகிற மாதிரி பெரிய எழுத்து. பெற்றுக்கொள்பவர் என்ற வரியில் தம்பியின் பெயரை எழுதினார்.

முதலாளி எட்டிப் பார்த்தார். "டீச்சர், அவர் ஜூபால இல்லையே?"

"இருப்பான் சார். பெட்டி போய் இறங்கறப்போ இருப்பான்."

"ஸ்கூலை விட்டு வரமாட்டேங்கறாரே?"

"தண்ணி அவன்கிட்ட போகலைல்ல, அவன் தண்ணிகிட்ட வரட்டும். ஸ்கூலு பிள்ளைங்க இருக்கற எடத்துலதான் இருக்கும். அவன் சபைத் தலைவர்கிட்ட நான் பேசிக்கறேன். அவரும் என்கிட்ட கணக்குப் படிச்சவர்தான்."

அந்த அடிபம்புகள் கடலில் பட்டது, லாரியில் பட்டது, சாவடி சாவடியாகப் பட்டது எல்லாம் சொன்னால் உங்களுக்கும் என்னைப் போலவே ரத்தக் கொதிப்பு வரும். போய்ச் சேர்ந்தன. எடுக்க ஆள் நின்றார். அதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

அன்று டீச்சர் தன் கையெழுத்தைப் போட்டுக் காகிதத்தை முதலாளி பக்கம் நகர்த்தினார். முதலாளி பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். கழற்றியவர், பழக்க தோஷம், மேசைக் கடிகாரத்தை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டார். வெள்ளிக்கிழமை, ராகு காலம் நடந்துகொண்டிருந்தது. பேனா அந்தரத்தில் நின்றது.

ஸ்டெல்லா டீச்சர் கையை நீட்டி அந்தக் கடிகாரத்தை எடுத்து, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார்.